செபாவின் கல்

மார்ச் 2, சனி

இந்த நோட்டு பர்வீன் மேடம் கொடுத்தது. இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து எங்களுக்கு வகுப்பு எடுக்கப்போகிறாராம். அடிபட்டவர்கள் பக்கத்தில் நின்று பார்ப்பதற்குப் பழகும் வகுப்பு என்றார். மொத்தம் எட்டுப் பேரைச் சேர்த்திருக்கிறார்கள். செபாவும் நானும் அதில் இருக்கிறோம். சனிக்கிழமை தோட்ட வேலையிலிருந்து தப்பித்தோம் என்று எனக்குச் சந்தோஷம்தான்.

தினமும் இல்லாவிட்டாலும் அவ்வப்போது எழுத வேண்டும். "நான் படிக்க மாட்டேன். பக்கம் ரொம்பியிருக்கான்னு மட்டும் பாப்பேன்" என்றார். அப்படியானால் பாட்டு எழுதி வைத்தாலும் தெரியாதே என்று ஒரு பையன் கேட்டான். "தெரியாது. உன் நோட்டு, உன் இஷ்டம்" என்று சிரித்தார்.

என் பெயர் லிங்கேஷ். வயது பதினேழு. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். திண்டுக்கல்லுக்குத் தெற்கே, தண்டவாளத்தை ஒட்டிய தெரு எங்களுடையது. போன அக்டோபரில் ஒரு சாயங்காலம் நானும் செபாவும் இன்னும் இரண்டு சின்னப் பையன்களும் ஓடுகிற ரயிலில் கல் எறிந்தோம். ஒரு கல் ஜன்னல் வழியாக உள்ளே போய் ஒரு அக்காவின் கண்ணில் பட்டுவிட்டது. சின்னப் பையன்களைச் சிறுவர் வழக்கு பார்க்கிற போர்டில் புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டிசம்பரில் எங்கள் இருவரையும் இந்தச் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பினார்கள். எனக்கு ஒன்பது மாதம். செபாவுக்கு ஒரு வருடம்.

ஏன் அவனுக்கு அதிகம் என்றால், பட்டது அவன் கல். அவனே ஒத்துக்கொண்டான். எங்கள் தெரு கிரிக்கெட்டில் அவன்தான் வேகப்பந்து போடுகிறவன். அதனால் யாரும் மறுபடி கேட்கவில்லை.

மார்ச் 6, புதன்

கக்கூஸ் கழுவுகிற முறை என்னுடையது. இன்று முட்டை போட்டார்கள். செபா சாப்பிடவில்லை, என் தட்டில் வைத்துவிட்டான். சாப்பிட்டேன்.

மார்ச் 9, சனி

மேடம் ஒரு பயிற்சி கொடுத்தார். நம்மால் அடிபட்டவர் நமக்குக் கடிதம் எழுதினால் எப்படி எழுதுவார், அவராக இருந்து எழுத வேண்டும். ஒரு மணி நேரம்.

செபா நான்கு பக்கம் எழுதினான். எழுதும்போதே பேப்பரில் கண்ணீர் விழுந்து மை கலைந்துவிட்டது. நான் எழுதியது இவ்வளவுதான்: "நான் நலம். கண் இப்போது பரவாயில்லை. டாக்டர் நன்றாகப் பார்த்தார். நீங்கள் கவலைப்பட வேண்டாம். நன்றாகப் படிக்கவும்."

மேடம் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ரொம்ப நல்லவங்களா இருக்காங்களே" என்றார். "அவங்க இப்படி எழுதுவாங்கன்னு நெனைக்கிறியா, இல்ல இப்படி எழுதினா நல்லாருக்கும்னு நெனைக்கிறியா?"

நேரம் போதவில்லை என்று சொன்னேன். ஒரு மணி நேரத்தில் ஐம்பது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

மார்ச் 16, சனி

இன்று வகுப்பு நாறிவிட்டது. நாடகம் மாதிரி நடிக்கச் சொன்னார். செயின் பறித்த வழக்கில் வந்தவன் பாட்டியாக நடித்தான். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு "ஐயோ எஞ்செயினு" என்று கத்தினான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "சிரிக்கிற விஷயமா இது?" என்று மேசையில் தட்டினார். அப்புறம் அவரே கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தார்.

"தப்பு என் மேல. நான் சரியா யோசிக்காம இதக் குடுத்துட்டேன். கோவப்பட்டதுக்கு சாரி" என்றார்.

பெரியவர்கள் எங்களிடம் சாரி சொல்லி இங்கே யாரும் கேட்டதில்லை.

செபா மட்டும் சிரிக்கவில்லை.

மார்ச் 23, சனி

பஞ்சும் பிளாஸ்திரியும் கொண்டுவந்தார். விருப்பம் இருந்தால் நானும் செபாவும் அந்த அக்காவுக்கு அடிபட்ட மாதிரி இடது கண்ணை மூடி ஒட்டிக்கொள்ளலாம், சாயங்காலம் வரை அப்படியே இருந்து பார்க்கலாம் என்றார். மற்றவர்களும் விளையாட்டுக்கு ஒட்டிக்கொண்டார்கள்.

ஒரு கண் போனால் பாதி தெரியும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஜக்கிலிருந்து தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்கு வெளியே விழுகிறது. கடைசிப் படி முடிந்துவிட்டது என்று கால் வைத்தால் இன்னும் ஒரு படி இருக்கிறது. இடது பக்கம் யாராவது வந்தால் தோளில் கை வைக்கும்வரை தெரிவதில்லை. பையன்கள் இடது பக்கமாகவே வந்து வந்து தலையில் தட்டினார்கள்.

சாயங்காலம் எல்லோரும் பிரித்துவிட்டார்கள்.

மார்ச் 24, ஞாயிறு

பசை நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டதால் நான் பிரிக்கவில்லை. இன்றும் அப்படியே இருந்தது. பந்து விளையாடும்போது எட்டுக் கேட்ச் விட்டேன். வார்டன், "ஏம்ப்பா, இன்னும் எடுக்கலையா?" என்று கேட்டார். வலிக்கும் சார் என்றேன்.

மார்ச் 25, திங்கள்

எடுத்துவிட்டேன். வலிக்கவில்லை.

ஏப்ரல் 1, திங்கள்

காலைப் பிரார்த்தனையில் செபா மயங்கி விழுந்துவிட்டான். சாப்பிடாமல் இருந்தால் வேறென்ன ஆகும். மருத்துவ அறையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். துணைக்கு என்னை உட்காரச் சொன்னார்கள்.

"டேய் லிங்கேசு, அவங்களுக்குப் புள்ளைங்க இருக்குமாடா?" என்று கேட்டான்.

"தெரியாது."

"இருக்கும். அந்த வயசுல இருக்கும்ல?"

"தூங்குடா" என்றேன்.

"நீ எப்படிடா தூங்குற?" என்றான். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். "கண்ண மூடுனா அந்தச் சத்தந்தான் கேக்குது. உனக்குக் கேக்கலையா?"

எனக்குத் தூக்கம் எப்போதும் நல்லபடியாக வரும் என்றேன்.

ஏப்ரல் 6, சனி

வகுப்பில் மேடம் செபாவைப் பாராட்டினார். செஞ்சத ஒத்துக்கிட்டு அதச் சுமக்கிறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும், அவனப் பாருங்க என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். செபா தலையைத் தூக்கவே இல்லை.

எனக்கு மேடத்தின் மேல் கோபம் கோபமாக வந்தது. எதற்கென்று தெரியவில்லை. ஒன்றும் தெரியாதவர்கள் எல்லாம் எதற்காக வகுப்பு எடுக்க வருகிறார்கள்? பட்டறையில் இரும்பு அறுக்கிற ஹாக்ஸா பிளேடு மூன்றை உடைத்தேன். மாஸ்டர் முதுகில் ஒன்று வைத்தார்.

ஏப்ரல் 7, ஞாயிறு

அம்மா வந்திருந்தார். பார்வையாளர் அறையில் மின்விசிறி ஓடவில்லை. புளிசாதமும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்திருந்தார். ஊர்க்கதை எல்லாம் சொன்னார். செபாவின் அம்மா இப்போதெல்லாம் தெருக்குழாய்க்கு வருவதில்லையாம். பொம்பளைகள் ஏதாவது சொல்கிறார்கள் என்று விடியும் முன்னாலேயே வந்து பிடித்துக்கொண்டு போய்விடுகிறாராம். செபாவின் அக்காவைப் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார், தம்பி விஷயம் கேள்விப்பட்டு வேண்டாம் என்றுவிட்டார்களாம்.

"பாவந்தான். என்ன பண்றது" என்றார் அம்மா. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேள சாமி, உங்கல்லு இல்ல. நான் மாரியம்மனுக்கு வெளக்குப் போட்டேன்" என்றார்.

புளிசாதத்தில் உப்பு அதிகம். பாதியை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. பாயசம்.

ஏப்ரல் 20, சனி

வகுப்பு முடிந்ததும் எங்கள் இருவரையும் மேடம் நிறுத்திவைத்தார். அந்த அக்கா இங்கே வந்து எங்களைப் பார்க்கச் சம்மதித்துவிட்டாராம். மே மாதம் நான்காம் தேதி.

பெயர் ஞானசௌந்தரி. வயது முப்பத்தெட்டு. சோழவந்தான் ஊர். திண்டுக்கல் பக்கத்தில் ஒரு மில்லில் நூல் சரிபார்க்கிற வேலை பார்த்தவர். வேலை முடிந்து பாசஞ்சரில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். ஒரு பெண், ஒரு பையன்.

"பையனுக்கு எத்தன வயசு?" என்று செபா கேட்டான்.

"நாலு."

செபா அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கட்டாயம் இல்ல. உங்களுக்கு வேணாம்னா சொல்லிருங்க, நான் அவங்ககிட்டச் சொல்லிக்கிறேன்" என்றார் மேடம். செபா, "நான் வர்றேன் மேடம்" என்றான். நானும் வருகிறேன் என்றேன். வராவிட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

ஏப்ரல் 23, செவ்வாய்

பட்டது செபாவின் கல் என்று முதலில் சொன்னது யார் என்று இன்று யோசித்துப் பார்த்தேன். போலீஸ் சொல்லவில்லை. சின்னப் பையன்கள் ஓடிப்போய்விட்டார்கள். செபாவும் முதலில் சொல்லவில்லை. அவன் நின்ற இடத்திலேயே வெலவெலத்துப் போய் நின்றுகொண்டிருந்தான். வேறு யார் இருந்தார்கள் என்று ஞாபகம் இல்லை.

ஏப்ரல் 24, புதன்

ஞாபகம் இருக்கிறது.

ஏப்ரல் 29, திங்கள்

துணி துவைக்கிற கல்லில் செபாவும் நானும் மட்டும் இருந்தோம். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "செபா, சோப்பு குடு" என்றேன். கொடுத்தான்.

மே 2, வியாழன்

சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். ஆகஸ்டு கடைசியில் வீட்டுக்குப் போக வேண்டியவன் நான். அது போய்விடும். அம்மா அந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்க முடியாது. ஐ.டி.ஐ.யில் மறுபடி சேர்த்துக்கொள்வார்களா என்பதும் சந்தேகம். சொல்லாவிட்டால் எதுவும் ஆகாது. செபா எப்படியும் ஒத்துக்கொண்டுவிட்டான். அவனுக்கும் இது பழகிவிட்டிருக்கும்.

அவனுக்குப் பழகவில்லை என்று எனக்குத் தெரியும்.

மே 4, சனி

இப்போது மாலை ஐந்தரை. காலையில் நடந்ததை எழுதுகிறேன்.

அலுவலகத்துக்கு அடுத்த அறையில் ஆறு நாற்காலியை வட்டமாகப் போட்டிருந்தார்கள். மேடம், வார்டன், அந்த அக்கா, அவர் வீட்டுக்காரர், செபா, நான். அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருவார் என்று நினைத்திருந்தேன். போடவில்லை. இடது கண் செயற்கைக் கண். மற்றக் கண் திரும்பினாலும் அது நேராகவே பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் ஒல்லியாக, மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். செபாவும் அவருக்கு வணக்கம் சொன்னான், நானும் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை.

"எனக்குப் பேசவெல்லாம் வராது. என்ன நடந்துச்சோ அதச் சொல்றேன்" என்று அக்கா ஆரம்பித்தார்.

"அன்னிக்கு எம்பொண்ணு பள்ளிக்கூடத்துக்குச் சார்ட் பேப்பர் கேட்டுருந்துச்சு. வாங்கிச் சுருட்டிக் கையில வச்சுக்கிட்டு ஜன்னலோரமா ஒக்காந்திருந்தேன். மூஞ்சில ஏதோ மோதுச்சு. பறவ பறந்து வந்து மோதிருச்சுன்னுதான் நெனச்சேன். அப்புறம் கையெல்லாம் ஈரம். எதுக்க இருந்த ஒரு பொம்பள அவங்க முந்தானைய வச்சு அமுத்திப் புடிச்சுக்கிட்டாங்க. அடுத்த ஸ்டேஷன் வர்றவரைக்கும் விடல. அவங்க பேரு கூட எனக்குத் தெரியாது."

நிறுத்தித் தண்ணீர் குடித்தார். டம்ளரை வைக்கும்போது மேசையை முதலில் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தார்.

"மூணு ஆபரேஷன். கண்ணு வரல. மில்லுல நான் நூல் செக் பண்றவ. எங்க அறுந்துருக்கு, எங்க முடிச்சு விழுந்துருக்குன்னு பதினாறு வருசம் பாத்தவ. இப்பப் பேக்கிங்ல போட்டுட்டாங்க. அது பரவால்ல. எம்பையன்... கட்டோட வீட்டுக்கு வந்தப்ப என்னப் பாத்துக் கத்திட்டு ஓடிட்டான். எட்டு நாளு எங்கிட்ட வரல. பெத்த புள்ள."

வீட்டுக்காரர் பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"அதுகூட இப்பச் சரியாயிருச்சு. சரியாகாதது ஒண்ணு இருக்கு. அதுக்காகத்தான் வந்தேன். இவரு வேணாம்னுதான் சொன்னாரு." அக்கா முழு முகத்தையும் திருப்பிச் செபாவைப் பார்த்தார். "எங்க பக்கத்து வீட்டோட எங்களுக்குச் சுவத்துத் தகராறு. அன்னிக்குக் காலைலதான், 'நீ எப்படி நல்லா இருக்கேன்னு பாக்குறேன்'னு அந்த அண்ணன் கத்துனாரு. சாயங்காலம் இது. அவருதான் ஆளு வச்சாரோன்னு மனசுல விழுந்துருச்சு. எடுக்க முடியல. அவங்க வீட்டுல யாரு வெளிய வந்தாலும் புள்ளைங்கள உள்ள இழுத்துக் கதவச் சாத்திருவேன். ரயில்ல ஏறுறதே இல்ல. ரெண்டு பஸ்ஸு மாறி வேலைக்குப் போறேன். தம்பி, நீதான் எறிஞ்சேன்னு சொன்னாங்க. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். என்னப் பாத்துத்தான் எறிஞ்சியா? யாராவது சொல்லி எறிஞ்சியா?"

செபா வாயைத் திறந்தான்.

"யாரும் சொல்லலம்மா. ஆனா... உங்களப் பாத்தேனா இல்லையான்னு எனக்கே தெரியலம்மா. தெனமும் யோசிக்கிறேன். ஜன்னலப் பாத்த மாதிரியே ஞாபகம் இல்ல. பொய் சொல்லலம்மா, நெசமாத்தான்" என்று அழ ஆரம்பித்துவிட்டான்.

அக்கா முகம் விழுந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்து அவருக்குப் பதில் கிடைக்கவில்லை. செபாவால் எப்படிச் சொல்ல முடியும்? அவன் அந்த ஜன்னலைப் பார்க்கவே இல்லையே. பார்த்தது நான்.

"அக்கா, அவன் இல்ல. நான்" என்றேன்.

எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. வந்த பிறகு நிறுத்தத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் எறிந்தோம். செபாவின் கல் இரண்டு ஜன்னலுக்கு நடுவில் தகரத்தில் பட்டு டங்கென்று கீழே விழுந்தது. என் கல் உள்ளே போனது. போவதை நான் பார்த்தேன். உள்ளேயிருந்து அலறல் கேட்டதும், "செபா, உங்கல்லுடா! உங்கல்லுதான் பட்டுச்சு!" என்று கத்தியது நான்தான். அவன் பயந்துபோய் நம்பிவிட்டான். அதற்குப் பிறகு எல்லோரும் நம்பினார்கள்.

"என்னப் பாத்தியா?" என்றார் அக்கா.

"பாக்கலக்கா. லைட்டு எரிஞ்ச ஜன்னல் வரிசையா வந்துச்சு. ஒண்ணுக்குள்ள போட்டுறலாமான்னு தோணுச்சு. அவ்வளவுதான். உங்கள யாருன்னே தெரியாது. உங்க ஊரு தெரியாது. பக்கத்து வீட்டுக்காரரத் தெரியாது. யாரும் ஒண்ணும் சொல்லல."

"உள்ள ஆளு இருப்பாங்கன்னு தெரியும்ல?"

"தெரியும்க்கா." இதைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. "தெரிஞ்சேதான் எறிஞ்சேன்."

வீட்டுக்காரர் எழுந்துபோய் வாசலில் சுவரைப் பார்த்து நின்றார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அக்கா நாற்காலியில் சாய்ந்து பெரிதாக ஒரு மூச்சு விட்டார். தோள் இரண்டும் இறங்கின.

"ஏங்க" என்று கூப்பிட்டார். "அந்தண்ணன் இல்லீங்க. யாருமே இல்லீங்க." சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. ஆனால் முகம் வந்தபோது இருந்த மாதிரி இல்லை. வீட்டுக்காரர் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா என்னைப் பார்த்தார். இப்போதுதான் கோபம் வந்தது.

"ஏழு மாசமா இந்தப் பய அழுதுக்கிட்டு இருக்கான். நீ பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டே இருந்தியா?"

"ஆமாக்கா."

"எங்கண்ணு போனது ஒரு நொடி. அத நீ யோசிக்காம செஞ்சேங்கிற, சரி. இவனுக்குத் தெனமும் காலைல எந்திரிச்சுச் செஞ்சுருக்கியேடா."

மன்னிச்சிருங்கக்கா என்றேன். செபாவைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அவன் அழுகையை நிறுத்திவிட்டு, பேய் பிடித்தவன் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மன்னிக்கிறதெல்லாம் எனக்கு இப்ப வரல தம்பி. வராததச் சொன்னா பொய்யாயிரும்" என்றார் அக்கா. "ஆனா நீ சொன்னது நல்லது. நான் நல்லாத் தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா?"

போகும்போது செபாவின் பக்கத்தில் நின்று அவன் தலையில் கை வைத்தார். "சாப்புடு. எலும்பா இருக்க" என்றார். என்னைத் தொடவில்லை.

எல்லோரும் போன பிறகு மேடம் என்னிடம், "இத நான் போர்டுக்கு எழுதியாகணும். தெரியும்ல?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "நானும் ரெண்டு மாசமா தப்பான பையனக் கரைச்சுக்கிட்டு இருந்துருக்கேன்" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "எனக்கும் ஒண்ணும் தெரியல பாரு."

ரொம்பப் பசிக்கிறது. மணி எப்போது அடிப்பார்கள் என்று காத்துக்கொண்டிருக்கிறேன்.

மே 5, ஞாயிறு

காலை மணி அடித்ததே எனக்குக் கேட்கவில்லை. வார்டன் வந்து போர்வையை இழுத்தார்.

மே 6, திங்கள்

தட்டுக் கழுவுகிற இடத்தில் செபா என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான். உதடு கிழிந்துவிட்டது. வார்டன் ஓடிவந்து என்ன என்று கேட்டார். "வழுக்கி விழுந்துட்டேன் சார்" என்றேன்.

"இன்னும் பொய் சொல்லாதடா!" என்று செபா கத்தினான். "நான்தான் அடிச்சேன் சார்."

அவனுக்கு இரண்டு நாள் விளையாட்டு கிடையாது. இன்று முட்டை இல்லாத நாள். ஆனால் அவன் தட்டு காலியாக இருந்ததைப் பார்த்தேன். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான்.

மே 11, சனி

செபா பேசவில்லை. கட்டிலை அறையின் அந்த மூலைக்கு மாற்றிக்கொண்டான். வகுப்பில் மேடம் என்னை எதுவும் பேசச் சொல்லவில்லை. செயின் பறித்தவன், அந்தப் பாட்டிக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முடியுமா என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

மே 15, புதன்

போர்டுக்கு எங்களைக் கூட்டிப்போனார்கள். நீதிபதி அம்மாவிடம் அன்றைக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். பயம் என்றேன். "இப்பப் பயம் இல்லையா?" இருக்கிறது என்றேன்.

செபாவுக்கு இதுவரை இருந்தது போதும், இந்த மாதக் கடைசியோடு வீட்டுக்குப் போகலாம். நன்னடத்தை அலுவலர் மாதம் ஒரு முறை வந்து பார்ப்பார். எனக்கு இன்னும் மூன்று மாதம் கூட. ஆகஸ்டுக்குப் பதில் நவம்பர். நான் இரண்டு வருடம் என்று எதிர்பார்த்திருந்தேன். வேனில் திரும்பி வரும்போது காற்று நன்றாக அடித்தது.

மே 19, ஞாயிறு

அம்மா வந்தார். மேடம் முன்பே போனில் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நேரம் என்னை அடிப்பதுபோலக் கையை ஓங்கினார், அப்புறம் அந்தக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"செபா வீட்டுக்குப் போனேன். நீ வந்து சொல்ற வரைக்கும் என்னால பொறுக்க முடியல" என்றார். "அவங்கம்மா கதவச் சாத்திருச்சு. வெளியவே நின்னேன். 'எம்புள்ள செஞ்சதுக்கு உம்புள்ள பேரு கெட்டுருச்சு, நான் குழாயடியில எல்லாருக்கும் கேக்கச் சொல்லிட்டேன், வந்து தண்ணி புடி'ன்னு கதவப் பாத்துச் சொன்னேன்."

"தொறந்தாங்களா?"

"அன்னிக்குத் தொறக்கல. மறுநாள் காலைல எல்லாருங்கூட வந்து கொடத்த வச்சுச்சு. எங்கூடப் பேசல. ஆனா வரிசைல எனக்கு முன்னாடி நின்னுச்சு."

"உங்கள யாரும் ஏதாவது சொன்னாங்களா?"

"சொல்வாக. சொல்லட்டும்." என் கிழிந்த உதட்டைப் பார்த்து என்ன என்று கேட்டார். செபா அடிச்சான் என்றேன். "நல்லது" என்றார். எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்திருந்தார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

மே 25, சனி

ஞானசௌந்தரி அக்கா மேடத்திடம் போனில் பேசினாராம். பக்கத்து வீட்டு அண்ணனிடம் போய், உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொன்னாராம். சுவர்த் தகராறு அப்படியேதான் இருக்கிறதாம், ஆனால் அந்த அண்ணன் அக்காவின் பிள்ளைகளுக்குக் கொய்யாப்பழம் கொடுத்தனுப்பினாராம். திங்கட்கிழமை அக்கா பாசஞ்சரில் வேலைக்குப் போயிருக்கிறார். ஜன்னலோரம் உட்காரவில்லை, நடுவில் உட்கார்ந்தாராம்.

என்னை மன்னிப்பது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் மேடத்திடம் கேட்கவில்லை. அவர் ரயிலில் ஏறியதைக் கேட்டதே போதும் என்று இருந்தது.

மே 31, வெள்ளி

செபா இன்று வீட்டுக்குப் போனான்.

அவன் அப்பா காலையிலேயே வந்துவிட்டார். நான் பட்டறையில் இரும்புக் கம்பியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக அவர்கள் அலுவலகத்தில் கையெழுத்துப் போடுவது தெரிந்தது. போய்விடுவான், பேசாமலேயே போய்விடுவான் என்று நினைத்துத் தலையைக் குனிந்து ராவினேன். சரி, அவன் இஷ்டம்.

கொஞ்ச நேரத்தில் பட்டறை வாசலில் நிழல் விழுந்தது. செபா பையோடு நின்றான். கன்னம் கொஞ்சம் சதை போட்டிருந்தது. மாஸ்டர் எங்களைப் பார்த்துவிட்டு, டீ குடிக்க வேண்டும் என்று வெளியே போனார்.

"என் கல்லு எங்கடா பட்டுச்சு?" என்றான்.

இருபத்தைந்து நாள் கழித்து அவன் பேசிய முதல் வார்த்தை இது.

"தகரத்துல. ரெண்டு ஜன்னலுக்கு நடுவுல."

"நெசமாப் பாத்தியா?"

"பாத்தேன். டங்குன்னு சத்தம் கேட்டுச்சு. கீழ ஜல்லில விழுந்துச்சு."

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். மூன்றாவது முறையும் சொல்லச் சொன்னான், மூன்றாவது முறையும் சொன்னேன். அப்புறம் கண்ணைத் திறந்தான்.

"நானும் எறிஞ்சேன்ல லிங்கேசு. ஒரு சாண் தள்ளிப் போயிருந்தா என்னோடதுதான். அத நான் மறக்கல" என்றான். "ஆனா நீ சொல்லிக் கேக்கணும் போல இருந்துச்சு."

"செபா, நான்..."

"இப்ப ஒண்ணும் சொல்லாத. உன்மேல இன்னும் கோவம் இருக்கு. எப்பப் போகும்னு தெரியல." பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். வாசல்வரை போய்த் திரும்பினான். "நவம்பர்ல வந்ததும் வீட்டுக்கு வா. எங்கம்மா நாள் பூரா திட்டும். எங்கக்கா வெளக்கமாத்த எடுக்கும். நின்னு வாங்கிக்க."

"வர்றேன்."

"வந்தா சோறும் போடும்" என்றான். சொல்லிவிட்டு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறைத்துக்கொண்டு வேகமாக நடந்தான்.

கேட் மூடுகிற சத்தம் கேட்டது. மாஸ்டர் வந்து கம்பியைப் பார்த்துவிட்டு, அளவு சரியாக இருக்கிறது என்றார்.